மயில் கழுத்து நிறத்தில் ஒரு கிளாஸ்

ஐஸ்கட்டியில் மீன் வாசனை அடித்தது.

கண்ணாடிக்காரர் ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சந்தேகமே இல்லை, மீன்தான். இன்னொன்றை எடுத்தார். அதுவும் மீன். தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்து, ஆற வைத்து, டப்பாவைத் துண்டால் சுற்றி ராத்திரி முழுக்க உறைய வைத்த ஐஸ். பார்ப்பதற்குப் பளிங்குதான். அந்தப் பக்கம் செய்தித்தாளை வைத்தால் இந்தப் பக்கமிருந்து படிக்கலாம். முகர்ந்து பார்த்தால் மட்டும் மீன் மார்க்கெட்.

"ஃப்ரீசர்ல மீன் வச்சிருக்கியா?" என்று சமையலறையிலிருந்து கத்தினார்.

"ஃப்ரீசர்ல வைக்காம பீரோவுலயா வைப்பாங்க?" என்று ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மூடி போட்டு வச்சிருக்கலாம்ல?"

"போட்டுத்தான் வச்சேன். நீங்கதான் அந்த மூடியைக் கழட்டி உங்க திராட்சையை மூடி வச்சீங்க."

அது உண்மைதான். அவள் எப்போதும் இப்படித்தான், வாயைத் திறந்தால் உண்மைதான் வரும்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் ஊருக்கே கண்ணாடிக்காரர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். தொழிலில் கெட்டிக்காரர். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்க முடியாமல், தனக்கு முன்னால் உட்கார்ந்தவர் சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிக்கிற ஆசாமிகளை உட்கார்ந்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார், இது என்ன பரீட்சையா?" என்பார். அவரிடம் யாருடைய பாசாங்கும் பலித்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் என்ன வேலை என்றால், எல்லாம் சகலையால் வந்த வினை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர் ஒரு பெரிய ஓட்டலில் பானங்கள் பிரிவுக்குத் தலைவர். ஒரு சொட்டு மது கலக்காமல், பழத்தையும் தழையையும் பூவையும் வைத்தே அவர் கலக்கிக் கொடுக்கிற மாக்டெயிலைக் குடிக்க ஊர் ஊராக ஆள் வருகிறார்களாம். குடும்பத்தில் என்ன விசேஷம் என்றாலும் ஓட்டல்காரர் ஒரு எவர்சில்வர் குடுவையோடு வந்து இறங்குவார். தோளுக்கு மேலே தூக்கி நாலு குலுக்குக் குலுக்குவார். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடி, "ஆகா, சின்ன மாப்பிள்ளை!" என்பார். கண்ணைத் திறந்ததும் மூத்த மாப்பிள்ளை நினைவுக்கு வருவார்.

"மாப்பிள்ளை, இந்தக் கண்ணாடி ஸ்க்ரூ லூசாயிடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். ஒருத்தருக்கு ஆகா, ஒருத்தருக்கு ஸ்க்ரூ. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

கண்ணாடிக்காரர் பெரிய வரமெல்லாம் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அவர் கையால் கலந்ததைக் குடித்துவிட்டு, அந்தச் சகலை வாயால் "இன்னொரு கிளாஸ் குடுங்க" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மாமனார் அதைக் கேட்க வேண்டும். அது நடந்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஸ்க்ரூ முடுக்கத் தயார்.

அதனால்தான் போன வாரம் போனில் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். "சகலை, வர்ற ஞாயித்துக்கிழமை மாமாவையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. குடுவையெல்லாம் எடுத்துட்டு வர வேண்டாம். நீங்க சும்மா உட்காருங்க, நான் கலக்கறேன்."

ஓட்டல்காரர், "ரொம்ப நல்லதாப் போச்சு சகலை" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு கிடையாது. கடையில் லென்ஸ் மாற்றுவது போல மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொரு கிளாஸாக நீட்டினார்.

"இது நல்லாருக்கா? இப்ப இது... அதைவிட இது நல்லாருக்கா?"

"ரெண்டும் மங்கலாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

ஆனால் நேற்று ஒன்று கைகூடியது. கறுப்புத் திராட்சையை நசுக்கி, சர்க்கரையில் ஊற வைத்து, வினிகர் விட்டு வடித்த பாகு. அதில் புதினா ஊறிய தண்ணீர். மேலே ஒரு சுருள் ஆரஞ்சுத் தோல். அவள் அரை கிளாஸ் குடித்துவிட்டு, "பரவால்லையே!" என்றாள். அவள் வாயில் பரவாயில்லை என்று வந்தால் அது மற்றவர்கள் தருகிற தங்க மெடலுக்குச் சமானம். அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

இப்போது ஐஸ் காலை வாரிவிட்டது.

"கடையில ஐஸ் வாங்கிக்கலாம்ல?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கடை ஐஸ் பால் மாதிரி வெள்ளையா இருக்கும். சகலை முதல்ல பாக்கறதே ஐஸைத்தான். கலங்கலா இருந்தா கிளாஸையே தொடமாட்டாரு. அவரே சொல்லிருக்காரு."

"மீன் நாத்தம் அடிச்சா மட்டும் தொடுவாராக்கும்."

"அதுக்கு வழி இருக்கு. புகை போட்டா எந்த வாசனையும் ஓடிப்போயிடும். பெரிய இடத்துலயெல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

வீடியோவில் பார்த்திருந்தார். பட்டைத் துண்டைக் கொளுத்தி, கிளாஸைக் கவிழ்த்து, புகையை உள்ளே பிடிக்க வேண்டும். வீடியோவில் ஒரு துண்டு. இங்கே மீனைத் துரத்த வேண்டியிருந்ததால் ஒரு கைப்பிடி. இன்னொரு அடுப்பில், ஐஸ் உருகினாலும் ருசி நீர்த்துப் போகக்கூடாது என்று, பாகைக் கொஞ்சம் கெட்டியாகட்டும் என ஏற்றி வைத்தார்.

ஈரப் பட்டை முதலில் பிடிக்க மாட்டேன் என்றது. பிடித்ததும் நிற்க மாட்டேன் என்றது. சமையலறை தெரியவில்லை, அப்புறம் ஹால் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

எதிர் வீட்டம்மா கதவைத் தட்டினாள். "தீப்பிடிச்சிருக்கா? ஆள் கூப்பிடட்டுமா?"

"இல்லைங்க" என்றாள் மனைவி, இருமிக்கொண்டே. "அவர் ஜூஸ் போடறாரு."

ஜன்னலையெல்லாம் திறந்து, செய்தித்தாளால் விசிறி, புகையை வெளியே விரட்டிவிட்டு வந்து பார்த்தால் பாகு அடிப்பிடித்திருந்தது. மேலாக ஊற்றி எடுத்து நாக்கில் வைத்தார். கசந்தது. சாதாரணக் கசப்பு இல்லை, ஜென்மத்துக்கும் மறக்காத கசப்பு.

"போனாப் போகுது. நாலு பாட்டில் ஜூஸ் வாங்கிட்டு வந்து ஊத்திடுங்க. அவங்க என்ன கேஸா போடப் போறாங்க?"

"நான் கலக்கறேன்னு சொல்லிருக்கேன்டி. பாட்டில் ஜூஸ் ஊத்துனா மாமா எம் மூஞ்சியில முழிப்பாரா?"

"எங்கப்பா உங்க மூஞ்சியில முழிக்கறதே கண்ணாடி சரியா இருந்தாத்தான்."

கசப்பை எது அடக்கும்? புளிப்புதான் அடக்கும். வினிகர் பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விடலாம் என்று சாய்த்தார். மூடியோடு சேர்ந்து வந்தது கால் பாட்டில். கிளறிவிட்டு முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கசப்பு இப்போது தெரியவில்லை. நாக்கே தெரியவில்லை.

மனைவி மேடையோரமாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

"புளிப்பை எடுக்க என்ன போடுவ?" என்று கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டா எடுத்துடும். ஒரு சிட்டிகை. காதுல விழுதா? ஒரு..."

அதற்குள் அவர் ஒரு மேசைக்கரண்டி கொட்டிவிட்டார்.

பாத்திரம் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் புஸ்ஸென்று பொங்கியது பாருங்கள், ஊதா நுரை! அடுப்பு, மேடை, சுவர், அவருடைய புதுச் சட்டை, ஒன்றையும் விடவில்லை. ஒரு கையால் பாத்திரத்தையும் ஒரு கையால் நுரையையும் பிடித்துக்கொண்டு, "துணி! துணி!" என்று குதித்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நுரை அடங்கியபோது உள்ளே இருந்தது திராட்சை நிறமே இல்லை. நீலமும் பச்சையும் கலந்து, அசைத்தால் பளபளவென்று மின்னுகிற ஏதோ ஒன்று.

"இதென்னங்க, நிறமே மாறிடுச்சு?"

"அழகாத்தானே இருக்கு?" என்றார் அவர், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

ஆமாம், அழகாகத்தான் இருந்தது. ருசி பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

முதலில் மாமனார் நுழைந்தார். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். "என்ன மாப்பிள்ளை, கருகற வாசனை அடிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, வாங்க உள்ள" என்று பின்னாலேயே வந்த ஓட்டல்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பெரிய இடத்தில் பழகியவர்கள் பெரிய மனிதர்கள்தான் என்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. சகலை கையில் ஒரு பட்டுக் கைக்குட்டை வைத்துக்கொண்டு அவ்வப்போது மூக்கை ஒற்றிக்கொண்டார். பேச்சும் முன்னைவிட மாறியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் மூக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பதவி உயர உயரப் பேச்சும் இப்படி ஆகிவிடும்போல என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

மச்சினி மட்டும் நேராகச் சமையலறைக்குப் போனாள். "எனக்கு ஜில்லுன்னு எதுவும் வேண்டாம் அத்தான். எனக்கும் நேத்துலேர்ந்து தொண்டை சரியில்ல. அக்கா, கொஞ்சம் வெந்நீர் குடேன்."

கண்ணாடிக்காரர் தட்டில் உயரமான கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வந்தார். பளிங்கு ஐஸ், அதற்கு மேல் மினுமினுக்கும் திரவம், விளிம்பில் ஆரஞ்சுச் சுருள். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"சகலை, இன்னிக்கு அவ்வளவு சரியா..."

ஓட்டல்காரர் அதற்குள் ஒரு கிளாஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டார்.

"அடேயப்பா! என்ன நிறம் சகலை இது! மயில் கழுத்து!" கிளாஸை லேசாக ஆட்டி, ஐஸ் கிணுங்குகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஐஸைப் பாருங்க மாமா. எங்க ஓட்டல்லகூட இப்படி வராது."

ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஓட்டல்காரர் நெற்றியைச் சுருக்கினார். எதையோ தேடுகிறவர் மாதிரி நாக்கைச் சுழற்றினார். விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"பிரமாதம்" என்றார். உடனே மாமனார் பக்கம் திரும்பினார். "நீங்க குடிங்க மாமா. குடிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்க நாக்கு தப்பாது."

மாமனார் பெருமையாக ஒரு பெரிய வாயாகவே இழுத்துவிட்டார். அவர் கண் இரண்டும் கண்ணாடிக்கு வெளியே வரப் பார்த்தது. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளையோ ரசித்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். மாமனார் முழுங்கினார்.

"ம்... புதுசா இருக்கு" என்றார் மெல்ல. "முதல்ல ஒரு மாதிரி இருக்கு. அப்புறம்..."

"அப்புறம்?" ஓட்டல்காரர் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார்.

"அப்புறமும் இருக்கு. போகவே மாட்டேங்குது."

"அதுதான் மாமா விசேஷம்! குடிச்சப்புறமும் நாக்குல நிக்கணும்!"

"ஆமாமா, நிக்குது. நல்லா நிக்குது" என்று மாமனார் அழுத்தமாகத் தலையாட்டினார். ஓட்டல்காரரே சொன்னபிறகு அவர் மட்டும் பட்டிக்காட்டான் ஆவாரா?

கண்ணாடிக்காரர் தன் கிளாஸை எடுத்துக் கொஞ்சம் குடித்துப் பார்த்தார். முதலில் உப்பு வந்தது. அப்புறம் புகை. அதற்குப் பின்னால் சோப்பு மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் போய்த் தொலைந்ததே என்று நினைத்தபோது மீன் வந்தது.

ஆனால் எதிரே ஊரே கொண்டாடுகிற நிபுணர் பாதி கிளாஸைக் காலி செய்திருந்தார். அப்படியென்றால் கோளாறு எங்கே? கடைக்கு வருகிற எத்தனை பேர் பலகையில் எழுத்தே இல்லை என்று சாதிக்கிறார்கள்! எழுத்து இருக்கத்தான் செய்கிறது, பார்க்கிற கண்ணில்தான் குறை. நம்ம நாக்குக்குத்தான் பவர் பத்தவில்லை என்று முடிவு கட்டினார். இன்னொரு வாய் குடித்தார். இந்தத் தடவை ஏதோ கொஞ்சம் புரிகிற மாதிரிகூட இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க சகலை, உங்களுக்கு நிறைவா இருக்கா?" என்று ஓட்டல்காரர் அக்கறையாகக் கேட்டார்.

"எனக்கு... ரொம்ப நிறைவா இருக்கு."

"அண்ணி, நீங்களும் குடிச்சுட்டுச் சொல்லுங்க. நீங்க ஒளிவு மறைவு இல்லாம சொல்றவங்க."

கண்ணாடிக்காரர் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். போச்சு, இவள் போட்டு உடைத்துவிடுவாள். மனைவி கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். சட்டையெல்லாம் ஊதாத் திட்டு, தலையில் கரி, கையில் தட்டு. அந்த முகத்தில் இருந்த ஏக்கமும் பயமும் சந்தோஷமும்! கல்யாணத்தன்றுகூட மனுஷன் இப்படி நின்றதில்லை. அவளுக்கு என்னவோ செய்தது.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள்.

அவள் வாயிலிருந்து! ரொம்ப! கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அது நடந்தது. ஓட்டல்காரர் காலி கிளாஸை நீட்டி, நாலு பேர் கேட்க, தெளிவாகச் சொன்னார்.

"இன்னொரு கிளாஸ் குடுங்க சகலை."

கண்ணாடிக்காரர் விளிம்பு வழிய ஊற்றியதில் மேசையெல்லாம் சிந்தியது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தபோது ஓட்டல்காரர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சகலை, உங்ககிட்ட ஒரு உதவி. நாளைக்கு எங்க ஓட்டல்ல புது மெனுவுக்குப் பானம் தேர்ந்தெடுக்கறாங்க. முதலாளி, அவங்க வீட்டம்மா, வெளியூர்லேர்ந்து பெரிய பெரிய ஆளுங்க, எல்லாரும் வரிசையா உட்கார்ந்து குடிச்சுப் பாப்பாங்க. மிச்சம் இருக்கறதைக் குடுத்தீங்கன்னா, முதல் பானமா இதையே வச்சுடறேன். பேரும் உங்க பேர்தான். 'கண்ணாடிக்காரர் ஸ்பெஷல்'."

"எம் பேரா?"

"பின்ன? உழைப்பு உங்களது, பேரு மட்டும் எனக்கா? அந்த ஐஸும் இருந்தா ஒரு டப்பா போட்டுக் குடுங்க. அதுமாதிரி எனக்கு வராது."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடிக்காரரின் கை பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. மாமனாரோ கண்ணாடியைத் தரவில்லை. கண்ணைத்தான் துடைத்தார். கண் இன்னும் கலங்கியபடிதான் இருந்தது.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு கைப்பக்குவம் இருக்கறது இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே, மாப்பிள்ளை" என்றார். "நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை பாடும்! கண்ணாடிக்காரர் பாத்திரத்தை வழித்து இரண்டு பாட்டில் நிறைய ஊற்றினார். மூடியை இறுக்கித் துடைத்துக் கொடுத்தார். ஐஸை டப்பாவில் போட்டு, துண்டு சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போல ஓட்டல்காரரின் கையில் கொடுத்தார். மாமனாரும் சின்ன மாப்பிள்ளையும் மச்சினியும் படியிறங்கிப் போனார்கள். கீழே கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். இந்த உலகத்தில் அவருக்கு இனி ஒரு குறையும் இல்லை.

"நெஜமாவே நல்லாருந்துதா?" என்று மனைவியைக் கேட்டார்.

"அதான் சொன்னேன்ல" என்றாள் அவள், வேறு பக்கம் திரும்பி மேசையைத் துடைத்தபடி.

கதவு தட்டப்பட்டது. மச்சினிதான், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் கைக்குட்டையை விட்டுட்டு வந்துட்டாரு. அப்படியே வீட்டுல தைலம் இருந்தா கொஞ்சம் குடேன்."

"தைலமா? யாருக்கு?"

மச்சினி படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தான், ஓட்டலுக்குத் தெரிஞ்சா வம்பு. சளி பிடிச்சதுலேர்ந்து அவருக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல, நாளைக்கு முதலாளிக்கு என்னத்தைக் கலந்து குடுக்கறதுன்னு மனுஷன் தவிச்சுப் போயிட்டாரு. நல்லவேளை, இன்னிக்கு நீங்க மூணு பேரும் குடிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க, உங்க நாக்கை நம்பித்தான் தைரியமா எடுத்துட்டுப் போறாரு!"